நீதி என்னும் சொல்லைப் பல மொழிகளில் தேடிச் செல்வது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் இந்தியிலிருந்து தமிழாக்கம் செய்யப்பட்ட ஓர் அறிக்கை, பிழை திருத்துவதற்காக என்னிடம் வந்தது. அதில் 'தேசியக் கல்வி நீதி' என்ற தொடர் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. மூலத்தில் 'ராஷ்ட்ரீய சிக்ஷா நீதி' என்று இருந்ததை மொழிபெயர்த்தவர் அப்படியே எடுத்து வைத்துவிட்டார். ஒலி ஒன்றாக இருக்கும்போது பொருள் மட்டும் எப்படி வேறாகும் என்று அவருக்கு ஐயம் எழவில்லை. இந்தியில் 'நீதி' என்றால் கொள்கை. நாம் நீதி என்று சொல்லும் இடத்தில் இந்திக்காரர் 'நியாய்' என்பார். கொழும்பில் ஒரு சிங்களவரிடம் 'நீதிய' என்றால் அவர் சட்டம் என்று புரிந்துகொள்வார். ஒரே வடசொல் மூன்று மொழிகளில் மூன்று வேலைகளைப் பார்க்கிறது.

இத்தகைய சொற்களைத் தேட விரும்பும் மொழிபெயர்ப்பாளர்கள், ஆசிரியர்கள், சட்ட மாணவர்கள் ஆகியோர் எங்கே தொடங்கி எந்த வரிசையில் போகலாம் என்பதை, நான் செய்து பழகிய வழியில் இங்கே எழுதுகிறேன். வேண்டியவை ஒரு குறிப்பேடும் இணைய இணைப்பும் கொஞ்சம் பொறுமையும்தான். குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை ஐந்து பத்திகளாகக் கோடிட்டுக்கொள்ளுங்கள்: சொல், இன்றைய பொருள், பழைய ஆட்சி, வேர், வேர் காட்டும் படம். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. அது இன்று என்ன சொல்கிறது என்பது வேறொன்று. ஐந்து பத்தி போடுவது அவ்விரண்டும் கலந்துவிடாமல் இருப்பதற்காகத்தான்.

முதலில் சொந்த வீட்டைத் துழாவுங்கள்

பிறமொழி அகராதியைத் திறப்பதற்கு முன், தமிழில் இந்தக் கருத்தைச் சுமக்கும் சொற்கள் எத்தனை என்று எழுதிப் பாருங்கள். நீதி, நியாயம், முறை, அறம், செங்கோன்மை, நடுவுநிலைமை, நேர்மை, செப்பம் என்று பட்டியல் நீளும். பிறகு ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் வைத்து, அதை எடுத்துவிட்டு மற்றொன்றைப் பொருத்திப் பாருங்கள். ரேஷன் கடைக்கு 'நியாய விலைக் கடை' என்று பெயர். 'நீதி விலைக் கடை' என்று யாரும் சொல்ல முடியாது. 'அவர் கோபப்பட்டது நியாயம்தான்' என்போம். அங்கே நீதி வராது. 'நீதிமன்றம்' என்ற இடத்தில் 'நியாயமன்றம்' பொருந்தாது, ஆனால் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் நியாயத்தை வைத்துத்தான் நீதிமன்றத்துக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். 'இக்கதையின் நீதி யாதெனில்' என்று பள்ளிப் பாடத்தில் வரும் நீதியோ, நீதிமன்றத்தோடு தொடர்பில்லாதது. ஒழுகும் வழி என்னும் பழைய பொருள் அங்கே அப்படியே உயிரோடு இருக்கிறது. ஆத்திசூடியை நீதிநூல் என்று சொல்லும்போது அதைச் சட்டநூல் என்று எவரும் நினைப்பதில்லை.

இந்தப் பொருத்திப் பார்க்கும் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த சொல் 'முறை'. வரிசை, தடவை, வழக்கம், உறவு, நீதி ஆகிய அத்தனை பொருளும் இந்த ஒற்றைச் சொல்லில் அடங்கும். 'இரண்டு முறை கேட்டேன்', 'செய்முறை', 'அவள் எனக்கு என்ன முறை?' என்பவை அன்றாடப் பேச்சு. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரமோ 'ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை' என்று தொடங்குகிறது. ஆராய்ந்து, ஒருவர் பக்கம் இரக்கத்தால் சாயாமல், எவரிடத்தும் தெளிந்து செய்வதே நீதி என்பதைச் சொல்ல வள்ளுவர் 'முறை' என்ற சொல்லையே எடுத்தார். அந்தப் பொருள் பேச்சில் மங்கிவிட்டாலும் நீதிமன்ற வளாகத்தில் இன்னும் நடமாடுகிறது: முறையீடு, மேல்முறையீடு, முறைகேடு. வழக்கறிஞரிடம் 'அப்பீல் போடலாமா?' என்று கேட்பவருக்குத் தமிழில் தயாராக இருக்கும் சொல்லின் நடுவில் செங்கோன்மை அதிகாரத்தின் 'முறை' உட்கார்ந்திருக்கிறது.

'நடு' என்ற அடிச்சொல்லையும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் குற்றவியல் நடுவர் என்று அழைக்கப்படுபவரை இலங்கையில் நீதவான் என்கிறார்கள். பதவி ஏறத்தாழ ஒன்று. ஒரு கரை 'நடு'வைப் பிடித்துக்கொண்டது, மறுகரை 'நீதி'யைப் பிடித்துக்கொண்டது. நடுவுக்கு எதிர்ச்சொல் ஓரம். ஓரவஞ்சனை என்று வீட்டில் பிள்ளைகள் முறையிடுகிற அதே ஓரத்தைத்தான், பொய்வழக்குக்குச் சாய்ந்து பேசுபவர் வீட்டில் வெள்ளெருக்குப் பூக்கும் என்று சபிக்கும் நல்வழி வெண்பா 'மன்றோரம் சொன்னார் மனை' என்று குறிக்கிறது. நீதிமன்றத்தில் உள்ள மன்றமும் அங்கேயே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஒரே வாசகத்தைப் பல மொழிகளில் விரித்து வைத்தல்

அகராதியில் 'ஜஸ்டிஸ்' என்று தேடி, எதிரே வரும் முதல் சொல்லை எழுதிக்கொள்வது சோம்பேறி வழி. அதில் பிழை மலிந்திருக்கும். ஒரே வாசகம் பல மொழிகளில் அதிகாரபூர்வமாகப் பெயர்க்கப்பட்டிருக்கும் ஆவணங்களை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது. இரண்டு ஆவணங்கள் கைவசம் இருந்தால் போதும்.

முதலாவது, 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனம். 500-க்கும் மேற்பட்ட மொழிகளில் அது கிடைக்கிறது. அதன் முகப்புரையின் முதல் வாக்கியத்திலேயே சுதந்திரம், நீதி, சமாதானம் என்று மூன்று சொற்கள் அடுத்தடுத்து வருவதால், தெரியாத மொழியிலும் நமக்கு வேண்டிய சொல் நிற்கும் இடத்தை எளிதில் கண்டுகொள்ளலாம். இரண்டாவது, இந்திய அரசமைப்பின் முகப்புரை. 'நீதி' என்று தமிழிலும் மலையாளத்திலும், நியாயம் என்பதன் வடிவங்கள் இந்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும், 'இன்சாஃப்' என்று உருதுவிலும் வருவதை ஒரே மாலையில் எழுதி முடித்துவிடலாம்.

ஆனால் மொழிபெயர்ப்பில் இணையாக நிற்கும் சொற்கள் பொருளிலும் இணையானவை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் 1958-இல் கண்டெடுக்கப்பட்ட அசோகரின் இருமொழிக் கல்வெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் 'தம்மம்' என்று அவர் பொறித்ததை, அங்கே கிரேக்கத்தில் இறைபக்தியைக் குறிக்கும் 'யூசெபேயா' என்றும், அரமேயத்தில் உண்மையைக் குறிக்கும் சொல்லாகவும் எழுதியிருக்கிறார்கள். கல்லில் எழுதியவர்கள் தங்கள் ஊர்க்காரருக்கு விளங்க வேண்டும் என்று கைக்கு எட்டிய சொல்லை வைத்தார்கள். இன்று நாம் செய்வதும் அதைத்தான்.

கடனாக வந்ததா, கூடப் பிறந்ததா?

சொற்கள் சேர்ந்ததும் அகராதிகளுக்குப் போகலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி ஆகியவை சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதி கொலோன் பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கிறது. தமிழ் லெக்சிகனில் 'நீதி' என்ற பதிவைத் திறந்தால், தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் வாய் திறந்த சிறு குறி (<) ஒன்று இருக்கும். அதற்கு அடுத்து நிற்பதே மூலச்சொல். அந்தக் குறிக்கு அடுத்து நிற்பது பிறமொழிச் சொல் என்றால் நம் சொல் வெளியிலிருந்து வந்தது. இல்லையென்றால் அடுத்த நிறுத்தம் வேர்ச்சொல் அகராதி.

நீதியின் வேர், நடத்திச் செல்லுதல் என்று பொருள்படும் 'நீ' என்ற வடமொழி வினை. நடத்திச் செல்லும் வழி என்பதால்தான் அது ஓரிடத்தில் அரசன் நாட்டை நடத்தும் கொள்கையாகவும், ஓரிடத்தில் மனிதன் தன்னை நடத்திக்கொள்ளும் ஒழுக்கமாகவும், நம்மிடம் வழக்கை நடத்தி முடிக்கும் நீதியாகவும் கிளைத்தது. நியாயம் வேறு வேரைச் சேர்ந்தது. 'நி' என்ற முன்னொட்டும் செல்லுதலைக் குறிக்கும் 'இ' என்ற வினையும் கூடிப் பிறந்த அச்சொல், ஒரு பொருள் திரும்பிச் சென்று சேரும் அளவுகோலை, விதியைக் குறித்தது. தருக்க நூலுக்கு நியாயம் என்று பெயர் வந்ததும் அதனால்தான். அமர்த்தியா சென் 2009-இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் நீதியையும் நியாயத்தையும் பிரித்து, முன்னதை நிறுவனங்களின் ஒழுங்கு என்றும் பின்னதை மக்கள் வாழ்க்கையில் உண்மையில் நிகழ்வது என்றும் விளக்குகிறார். அது வடமொழி வழக்கை வைத்துச் சொன்னது. தமிழ் நீதியையும் தமிழ் நியாயத்தையும் அந்த இரண்டு பெட்டிகளில் போட்டு மூடினால் மூடி பொருந்தாது.

இந்த நீதி கடல் கடந்தும் போயிருக்கிறது. தாய்லாந்தில் சட்டக்கல்விக்கு 'நிதிசாத்' என்று பெயர். நீதி சாஸ்திரம் என்பதன் தாய் உருவம் அது. நமது நீதிக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'யுத்திதம்', அதாவது யுக்தியும் தர்மமும் சேர்ந்தது. சிங்களத்திலும் நீதிக்கு 'யுக்திய' என்பதே சொல். 2023 டிசம்பரில் இலங்கைப் பொலிஸார் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை ஒன்றுக்கு 'யுக்திய' என்று பெயரிட்டபோது தமிழ்ச் செய்திகளும் அப்பெயரை அப்படியே எழுதின. யுக்தி என்றாலே தந்திரம் என்று புரிந்துகொள்ளும் தமிழ்க் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டிலும் இதற்கு ஈடான ஒன்று உண்டு: 2015 ஜனவரி 1 முதல் இயங்கும் 'நீதி ஆயோக்' கொள்கைக்கான அமைப்பு, நம் நாளிதழ்கள் பலவற்றில் அது 'நிதி ஆயோக்' ஆகிவிட்டதால், பெயரை மட்டும் படிப்பவர் அதை ஏதோ பணம் வழங்கும் ஆணையம் என்று எண்ண இடமுண்டு.

அரபியிலிருந்து வந்த கடன்களும் நமக்குப் பழக்கமானவையே. 'அத்ல்' என்ற அரபுச் சொல் நீதியைக் குறிக்கிறது. அதே வேரில் பிறந்த 'இத்ல்', ஒட்டகத்தின் இருபுறமும் எடை சமமாகத் தொங்கும் இரண்டு பொதிகளில் ஒன்றுக்குப் பெயர். ஒரு பக்கம் கனத்தால் சேணம் சரியும்; ஒட்டகம் நடக்காது. அந்தச் சமநிலையே நீதியாயிற்று. அதிலிருந்து பிறந்த 'அதாலத்' பாரசீகம், உருது வழியாக இந்திய நீதிமன்றங்களுக்கு வந்து, 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தால் லோக் அதாலத் என்று ஊர்தோறும் அறிமுகமாயிற்று. மலேசியாவில் 'கெஅடிலான்' என்ற கட்சிப் பெயரில் இருப்பதும் அதே வேர்தான்.

'கிஸ்த்' என்ற இன்னொரு அரபுச் சொல்லின் கதை கொஞ்சம் கசப்பானது. நீதி, பங்கு என்று இரண்டு பொருள் அதற்கு. பங்கு என்ற பொருள் தவணையாகச் சுருங்கி, நில வருவாய்க் கணக்கர்களின் கையில் ஏறி, தமிழுக்கு வந்து சேர்ந்தபோது 'கிஸ்தி' ஆகியிருந்தது. கட்டபொம்மன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கிஸ்தி என்றால் அநீதியின் மறுபெயர். நேர்மையான பங்கைக் குறித்த சொல் வரி வசூலிப்பவனின் சொல்லாக வந்து நின்றது.

ஒலிக்கணக்கு பொருந்துகிறதா?

கூடப் பிறந்த சொற்களைக் கண்டுபிடிக்க, ஒலி ஒப்புமை மட்டும் போதாது. ஒலி மாற்றம் பல சொற்களில் ஒரே சீராக நடந்திருக்க வேண்டும். ஒரே ஓர் எடுத்துக்காட்டை நிதானமாகச் செய்து பார்ப்போம். கிரேக்கத்தில் நீதிக்குத் 'திகே' என்று பெயர். இதைக் கேட்டதும் நம் திக்கும் திசையும் நினைவுக்கு வரும். வந்தவுடன் மகிழ்ந்துவிடாமல், ஐயத்துக்கு இடமில்லாத வேறொரு சொல்லை எடுத்துச் சோதியுங்கள். எண்ணுப் பெயர்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. பத்துக்குக் கிரேக்கத்தில் 'தெகா', இலத்தீனில் 'தெகெம்', வடமொழியில் 'தச', ஆங்கிலத்தில் 'டென்'. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ககரம் நிற்கும் இடத்தில் வடமொழியில் சகரம் நிற்கிறது. மற்ற மூன்றிலும் மெல்லொலித் தகரம் நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் வல்லொலி டகரம் நிற்கிறது. இப்போது இதே கணக்கைத் 'திகே'யில் போடுங்கள். இலத்தீனில் 'திக்' என்ற அடி (சொல்லுதல்), வடமொழியில் 'திச்' (சுட்டுதல், திசை), ஆங்கிலத்தில் கற்பித்தலைக் குறிக்கும் 'டீச்'. கணக்கு இடிக்கவில்லை. நான்குக்கும் பொதுவான பொருள் சுட்டிக் காட்டுதல். நாம் வடமொழியிலிருந்து கடன் வாங்கிய திசை, திக்கு, உபதேசம், ஆங்கில வழியில் வந்த டீச்சர் ஆகிய எல்லாமே கிரேக்க நீதிதேவதையின் தூரத்து உறவுகள். நீதிபதிக்கு இலத்தீனில் வழங்கிய 'யூதெக்ஸ்' என்ற சொல்லின் பின்பாதியும் இதே அடிதான்: சட்டத்தைச் சுட்டிச் சொல்பவர்.

வேர் கிடைத்துவிட்டது என்று இங்கே நிறுத்திவிடுபவர்கள் பலர். மூன்றாவது பத்தி இன்னும் காலியாக இருக்கிறது; அந்தச் சொல் பழைய நூல்களில் எப்படிப் புழங்கியது என்று பார்க்க வேண்டும். ஹோமரின் ஒடிசி காப்பியத்தில், பதினோராம் காண்டத்தில், இறந்தோர் உலகுக்குச் செல்லும் ஒடிசியஸ் தன் தாயின் ஆவியை மூன்று முறை தழுவ முயல்கிறான். மூன்று முறையும் அவள் நிழல்போல் கையிலிருந்து நழுவுகிறாள். ஏன் இப்படி என்று அவன் கதறும்போது, மனிதர் இறந்தால் இதுவே 'திகே' என்கிறாள் தாய். நீதி என்று அங்கே பொருள்கொண்டால் வாக்கியமே விளங்காது. வழக்கம், இயல்பு, நடைமுறை என்பது அங்கே பொருள். தமிழில் அந்த வரியை எழுத வேண்டியிருந்தால் தயங்காமல் 'செத்தவர்க்கு இதுதான் முறை' என்று எழுதுவேன். வழக்கத்திலிருந்து நீதிக்கு நடந்து வந்த சொல் கிரேக்கத்தில் 'திகே', தமிழில் 'முறை'. இரண்டுக்கும் இரத்த உறவு கிடையாது, ஆனால் நடந்த பாதை ஒன்று. வேர் ஒன்றாக இருந்தும் பொருள் பிரிந்த நீதியையும், வேர் வேறாக இருந்தும் பொருள் சேர்ந்த இந்த இணையையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பெரியவர்கள் சறுக்கிய இடங்கள்

சொல்லின் வேரை ஊகிப்பதில் அரிஸ்டாட்டிலே தடுக்கி விழுந்திருக்கிறார் என்பது நமக்கு ஆறுதல். ஒழுக்கவியல் நூலின் ஐந்தாம் பகுதியில், நீதியானதைக் குறிக்கும் 'திகயோன்' என்ற சொல், இரண்டு சம பாதியாக என்று பொருள்படும் 'திகா'விலிருந்து வந்தது என்றும், நீதிபதி என்பவர் பாதியாக வெட்டுபவர் என்றும் அவர் எழுதுகிறார். தம் கோட்பாட்டுக்கு அழகாகப் பொருந்தியதால் எழுதினார். மொழி வரலாறு அதை ஏற்கவில்லை. இதில் எனக்குச் சிரிப்பூட்டுவது என்னவென்றால், கிரேக்கத்தில் பொய்யான அந்த விளக்கம் அரபியில் மெய்யாகிவிடுகிறது. உருதுவிலும் இந்தித் திரைப்பட வசனங்களிலும் ஒலிக்கும் 'இன்சாஃப்', பாதி என்று பொருள்படும் 'நிஸ்ஃப்' என்ற அரபுச் சொல்லின் வேரிலேயே பிறந்தது. சரிபாதியாகப் பிரித்துக் கொடுப்பதே அங்கே நீதி. கருத்து நன்றாக இருக்கிறது என்பதற்காக வேரை ஒப்புக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது சறுக்கல் திசையைப் பற்றியது. ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன், சட்டத்தைக் குறிக்கும் 'யூஸ்' என்ற சொல் நீதியைக் குறிக்கும் 'யூஸ்தித்தியா'விலிருந்து வந்தது என்று எழுதினார். பேரரசர் ஜஸ்டினியன் கி.பி. 533-இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பின் வாசலிலேயே அந்த வாசகம் நிற்கிறது. உண்மையில் வரிசை தலைகீழ். 'யூஸ்' முதலில், அதிலிருந்து 'யூஸ்துஸ்', அதிலிருந்து 'யூஸ்தித்தியா'. நீண்ட சொல்லிலிருந்து குறுகிய சொல் பிறந்ததாக யாராவது சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். இந்தக் குடும்பத்தில்தான் ஆங்கிலத்தின் ஜஸ்டிஸும் பேரரசர் ஜஸ்டினியனின் பெயரும், 1917 முதல் வெளிவந்த ஓர் ஆங்கில நாளிதழின் பெயரால் அழைக்கப்பட்டு நம் வரலாற்றில் நீதிக்கட்சி என்று நிலைத்த ஜஸ்டிஸ் கட்சியின் பெயரும் அடங்கும்.

மூன்றாவது, ஒரே ஒலியில் இரண்டு சொற்கள். இலத்தீனில் 'யூஸ்' என்றால் சட்டம். 'யூஸ்' என்றால் குழம்புச் சாறும்கூட. வேர்கள் வேறு வேறு. சிசிலியைச் சூறையாடிய ஆளுநர் வெர்ரஸ்மீது கி.மு. 70-இல் வழக்குத் தொடுத்த சிசெரோ, 'யூஸ் வெர்ரீனும்' என்ற சிலேடையை நினைவூட்டுகிறார்: வெர்ரஸ் வழங்கிய நீதி என்றும் கொள்ளலாம், வெர்ரஸ் என்றால் ஆண் பன்றி என்பதால் பன்றிச் சாறு என்றும் கொள்ளலாம். சாற்றைக் குறித்த அந்த இரண்டாவது 'யூஸ்'தான் நம் தெருமுனை ஜூஸ் கடைப் பலகையில் இருப்பது. வடமொழியின் 'யூஷ' அதற்கு உறவு. ஜூஸுக்கும் ஜஸ்டிஸுக்கும் உறவு சொல்லும் காணொளி எதையாவது பார்த்தால், உறவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போங்கள்.

ஐந்தாவது பத்தி: படம்

வேலையில் சுவை மிகுந்த பகுதி இதுதான். நீதியைக் குறிக்கும் சொற்களின் அடியில் இருக்கும் படங்களைச் சேர்த்து வைத்தால், அவை விரல்விட்டு எண்ணும் சில கூட்டங்களாகத் திரளும்: நேர், சமன், வழி, சுட்டுதல். இவற்றில் நேர் என்ற படத்துக்குப் பரப்பு அதிகம். பாபிலோனிய மன்னர் ஹம்முராபி, கி.மு. 1750-ஐ ஒட்டிய காலத்தில் நிறுவிய, இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் சட்டத் தூணில் 'மீஷரும்' என்ற சொல்லால் நீதியைக் குறிக்கிறார். நேராக இருத்தல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. கடனில் மூழ்கிய குடிகளின் கடனைத் தள்ளுபடி செய்யும் அரசாணைக்கும் அதே பெயர்தான், கோணியதை நிமிர்த்துவது. கி.மு. 700 அளவில் பாடிய கிரேக்கப் புலவர் ஹெசியோது நேரான தீர்ப்புகள், வளைந்த தீர்ப்புகள் என்று பிரித்துப் பேசுகிறார். பிரெஞ்சில் 'துருவா' என்றால் நேர், வலம், உரிமை, சட்டம் ஆகிய நான்கும்; சட்ட மாணவர் தலையைப் பிய்த்துக்கொள்ளும், பிறருக்கு இழைக்கும் உரிமையியல் தீங்கைக் குறிக்கும் 'டார்ட்' என்ற சொல்லுக்கு அடிப்பொருள் முறுக்கப்பட்டது. சீனத்தில் சட்டத்தைக் குறிக்கும் எழுத்தின் பழைய வடிவில் நீரும் ஒரு விலங்கும் இருந்தன. கி.பி. 100 அளவில் ஷூ ஷென் தொகுத்த எழுத்தகராதி, நீர்போல் மட்டமாக இருப்பது சட்டம் என்றும், நேரில்லாதவனை அந்த விலங்கு முட்டித் தள்ளும் என்றும் விளக்குகிறது.

தமிழில் இந்தப் படம் இன்னும் மங்கவே இல்லை. செங்கோல் என்றால் நேரான கோல். கொடுங்கோல் என்றால் வளைந்த கோல். கொடுமை என்ற சொல்லுக்கே வளைவு என்பதே பழைய பொருள். கோவலனைக் கொன்ற பாண்டியன் உயிர் துறந்ததைக் கேட்ட சேரன் செங்குட்டுவன் சொல்வதாகச் சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையில் வரும் வரிகளைப் பாருங்கள்:

வல்வினை வளைத்த கோலை மன்னவன்
செல்லுயிர் நிமிர்த்துச் செங்கோ லாக்கியது

விதி வளைத்துவிட்ட கோலை, உடலைவிட்டுப் போகும் உயிர் நிமிர்த்தியது. கோல் இங்கே வெறும் அரசச் சின்னம் இல்லை. கையில் பிடித்து வளைக்கவும் நிமிர்த்தவும் கூடிய கம்பு. மதுரைக்காஞ்சி இன்னொரு கோலைக் காட்டுகிறது. அச்சத்தையும் ஆர்வத்தையும் நீக்கி, 'ஞெமன்கோல் அன்ன செம்மைத்து ஆகி' அமர்ந்திருக்கும் மதுரையின் அறங்கூறவையத்தை மாங்குடி மருதனார் பாடுகிறார். ஞெமன்கோல் என்பது துலாக்கோல். துலாக்கோல் போன்ற செம்மை என்னும்போது சமனும் நேரும் ஆகிய இரண்டு படங்களும் ஒரே வரியில் கூடிவிடுகின்றன. அரபு ஒட்டகப் பொதிக்குப் பக்கத்தில் இந்த வரியை நான் எழுதி வைத்திருக்கிறேன்.

படம் ஒன்றாக இருப்பதால் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கியிருக்க வேண்டும் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். கம்பும் தராசும் இல்லாத ஊர் இல்லை. பாபிலோனுக்கும் பூம்புகாருக்கும் இடையே உறவு நாட்ட வேண்டுமானால் அதற்குச் சான்று வேறு வேண்டும்.

எழுதி முடிக்கும்போது

ஒரு பதிவை எப்படி நிரப்புவது என்பதற்கு 'அறம்' என்ற என் பக்கத்தையே காட்டுகிறேன். இன்றைய பொருள்: தருமம், ஒழுக்கம், கொடை. பழைய ஆட்சி: அறங்கூறவையத்தில் நீதி; ஆத்திசூடியின் 'அறம் செய விரும்பு' என்பதில் ஈகை; இன்றைய அறக்கட்டளையிலும் அறநிலையத் துறையிலும் அந்த ஈகையே. இதற்கு நேர் இணை எபிரேயத்தில் இருக்கிறது: நீதியைக் குறிக்கும் 'செதெக்'கின் உடன்பிறப்பான 'செதாகா' நாளடைவில் தருமம் கொடுப்பதற்குப் பெயராயிற்று. அரபியின் 'சதகா' அதே வேர்க் குடும்பம். தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஏழைக்குக் கொடுக்கும் சதக்கா அதுவே. இந்த வரிகள் எல்லாம் பக்கத்தில் நிரம்பியிருக்கின்றன.

வேர் என்ற பத்தியில் மட்டும் எதையும் மையால் எழுதவில்லை. அறு என்னும் வினையிலிருந்து அறம் பிறந்தது, வரையறுப்பதால் அறம் என்று விளக்குவோர் பலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திராவிட வேர்ச்சொல் அகராதியோ இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாக வைத்திருக்கிறது. அரிஸ்டாட்டில் வழுக்கிய படி இது என்பதால், அங்கே பென்சிலால் 'அறு?' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.